காலைப் பார்க்காமல் விற்ற ஷூ

நேற்று மாலை எனக்கொரு ரப்பர் செருப்பு வாங்க நம் கடைக்கு வந்திருந்தேன். முப்பத்தோரு வருஷம் இங்கே குனிந்து நிமிர்ந்தவன் என்று யாரும் நாற்காலி எடுத்துப் போடவில்லை, அது போகட்டும். உங்களில் ஒருவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவரிடம், “போடப் போடப் பழகிடும் சார்” என்று சொல்லிப் பெட்டியை மூடிக் கையில் கொடுத்தது என் காதில் விழுந்தது. யார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். உங்கள் ஆறு பேரையும்விட அந்த வார்த்தையை அதிகம் சொன்னவன் நான். அதை நம்பி ஒரு பெண் ஆறு வாரம் காலில் ரத்தத்தோடு ஓடினாள். பில் போடவும் ஸ்டாக் எடுக்கவும் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. இதைச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். காலையில் கடற்கரைச் சாலையில் நடப்பவர்களும் ஓடுபவர்களும் கூடிக்கொண்டே போன சமயம். எல்லோரும் கேட்டது அடி மொத்தமான ஷூ. மெத்தையில் மிதிப்பதுபோல் இருக்க வேண்டும், குதிகால் உயர்ந்து நிற்க வேண்டும். நாங்களும் அதையே எடுத்துப் போடுவோம். அதுதான் காலுக்கு நல்லது என்று நானும் சத்தியமாக நம்பினேன்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் ஒரு வாடிக்கையாளர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கடையில் எல்லோருக்கும் அவர் முசியேதான், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். ஷூவைக் கொடுத்தால் காலில் போட மாட்டார். முன்பக்கத்தைத் தரையில் ஊன்றி அழுத்துவார். விரல் மடங்கும் இடத்தில் ஷூவும் மடங்கினால் மடியில் வைத்துக்கொள்வார், நட்டநடுவில் மடங்கினால் தள்ளிவிடுவார். பிறகு ஈரத் துணியைப் பிழிவதுபோல் இரண்டு கையாலும் முறுக்குவார். விரல்கள் விரிய இடம் இருக்கிறதா என்று உள்ளே கையை விட்டுத் துழாவுவார். பதினைந்து பெட்டி திறக்க வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஏன் முசியே, ஷூ வாங்க வர்றீங்களா, ஒடைக்க வர்றீங்களா?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “பாதத்துல இருக்கற தசை ஒன்னையும் வேலை செய்ய வுடாம கட்டிப் போட்டா, அது எப்படிப்பா பலமாவும்? சூப்பிளா இருக்கணும். கால் வளைஞ்சா அதுவும் வளையணும், அவ்ளோதான். ஆனா மெதுவா பழக்கணும். மொத நாளே ஓடினா போச்சு” என்றார்.

சூப்பிள் என்றால் வளைந்துகொடுப்பது, அவருடைய பிரெஞ்சு. அந்த மடக்குவதும் முறுக்குவதும் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதன்பிறகு வாடிக்கையாளர் முன்னால் ஒரு ஷூவை எடுத்து, விரல் மடங்கும் இடத்தில் நுனி வானம் பார்க்கும்படி மடித்துக் காட்டுவேன். ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது. ஷூவைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நடந்துகொண்டேன். காலைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது ஜெயந்தி வந்த பிறகுதான் தெரிந்தது.

ஜெயந்திக்கு அப்போது இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். உப்பளத்துப் பக்கம் வீடு. ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன். பெண் காவலர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், இரண்டு மாதத்தில் ஓட்டத் தேர்வு. யாரிடமோ இரவல் வாங்கிய மொத்தமான ஷூவில் ஓடி, இரண்டு தடவை கணுக்கால் பிசகிவிட்டது. மைதானத்தில் பயிற்சி கொடுத்தவர், “பாதத்துல பலமே இல்ல, வளையற ஷூவா வாங்கிப் போட்டு மொதல்ல காலைப் பலப்படுத்து” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

என் வித்தையைக் காட்டச் சரியான ஆள் கிடைத்துவிட்டது. மடக்கினேன், முறுக்கினேன். முதல் வாரம் நடை மட்டும், அடுத்த வாரம் கொஞ்சம் ஓட்டம் என்று முசியே சொன்னதையெல்லாம் என் சொந்தச் சரக்குபோல் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

இங்கேதான் கவனியுங்கள். அந்தக் காலத்தில் ஆண் வாடிக்கையாளர் வந்தால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலை எடுத்துப் பலகையில் வைத்து அளப்போம், ஷூவை மாட்டிவிடுவோம், கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்று அழுத்திப் பார்ப்போம். பெண்கள் வந்தால் பெட்டியை அவர்கள் முன்னால் வைத்துவிட்டு, அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொள்வோம். பெண்பிள்ளை காலைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று ஒரு பழக்கம். யாரும் சொல்லித்தந்ததில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்தோம். என்னைப் போல மரியாதையாக நிற்பவன் இந்த ஊரிலேயே இல்லை என்று பெருமை வேறு.

அலமாரியைப் பார்த்தபடியே, “இடம் இருக்குதாம்மா?” என்று கேட்டேன்.

“இருக்குதுண்ணா. விரல் கிட்ட மட்டும் லேசா உறுத்துது.”

“மொதல்ல வலிக்கும். போடப் போடப் பழகிடும்.”

அவ்வளவுதான் நான் சொன்னது. அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு நாள், மதியம் ஒரு மணி. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும், ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் தூக்குவோம். மற்றவர்கள் சாப்பிடப் போயாகிவிட்டது. எனக்கு நல்ல பசி. பாதி ஷட்டரை இறக்கியபோது காலில் அதே ஷூவோடு ஜெயந்தி வந்து நின்றாள்.

“நாலு மணிக்கு வாம்மா.”

“நாலு மணிக்குப் புள்ள ஸ்கூல்லருந்து வந்துரும்ணா. ஒரே ஒரு கேள்விதான், கேட்டுட்டுப் போயிர்றேன்.”

“கேளு.”

“இன்னும் எத்தினி நாள்ல பழகும்?”

“எது?”

“வலிதான். பழகிடும்னு சொன்னீங்களே. தேர்வுக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்குது. அதுக்குள்ள பழகிடுமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

குறை சொல்ல வந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். சண்டை போட வந்திருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அவள் குரலில் இரண்டும் இல்லை. எனக்குப் பசி போன இடம் தெரியவில்லை. ஷட்டரைத் தூக்கி உள்ளே வரச் சொன்னேன்.

“காலைக் காட்டும்மா.”

அவள் கூசினாள். எனக்கும் கூச்சம்தான். இத்தனை வருஷத்தில் ஒரு பெண் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஷூவைக் கழற்றினாள். சாக்ஸ் வரவில்லை, ரத்தம் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்து மெல்ல எடுத்தாள். இரண்டு காலிலும் இரண்டாவது விரலில் மெட்டி. மூன்று சுற்று, நல்ல கனம். அதன் அடியில் தோல் பிய்ந்து புண்ணாகிக் கிடந்தது.

ஷூவைக் கையில் எடுத்து மடக்கிப் பார்த்தேன். அது எந்தக் கோட்டில் மடங்குகிறதோ, சரியாக அதே கோட்டில்தான் மெட்டி இருக்கிறது. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் விரல் மடங்க மடங்க மெட்டி சதைக்குள் இறங்கியிருக்கிறது. மொத்தமான ஷூ என்றால் மடங்கியே இருக்காது, கடித்தும் இருக்காது. ஷூவில் தப்பில்லை. நான் சொன்ன குணம் அத்தனையும் அதில் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் யார் மேல் என்று பார்க்கத் தெரியாது. “மெட்டியோட யாராவது ஷூ போட்டுக்கினு ஓடுவாங்களா? அறிவு வேணாம்?” என்று கத்திவிட்டேன்.

“நீங்க சொல்லலியேண்ணா” என்றாள்.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. நான் எங்கே பார்த்தேன், சொல்வதற்கு? அலமாரியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குரலைத் தாழ்த்தி, “சரிம்மா, தப்பு என்னுதுதான். இப்ப கழட்டிடு” என்றேன்.

அவள் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

“அது மட்டும் சொல்லாதீங்கண்ணா.”

மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. கணவன் ஏழுமலைக்கு மில்லில் வேலை. மில் நின்றதும் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போனான். போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். “ராத்திரி பகலா கட்டிலுக்குக் கீழ ஒக்காந்து இந்த மெட்டியத்தான் புடிச்சிக்கினு இருந்தேன். இது இருக்கற வரைக்கும் அவருக்கு ஒன்னும் ஆவாதுன்னு. அவரு கண்ணத் தொறந்துட்டாரு. பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியுது. ஆனா கை போவ மாட்டேங்குது” என்றாள். அவனுக்கு ஒரு கால் சரியாக ஊன்ற வராது, இனிமேல் கனமான வேலை முடியாது. அந்தக் காவலர் வேலைதான் அந்த வீட்டுக்கு இருந்த ஒரே வழி.

அத்தனையையும் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் புத்தி எங்கே போகிறது பாருங்கள். இந்தப் பெண்ணிடம் பேசிப் பயனில்லை, புருஷனிடம் சொன்னால் கேட்பாள் என்று முடிவு செய்தேன். அவனும் அவளோடு வந்து, எதிர்சாரியில் சைக்கிளோடு நின்றிருந்தான். கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குள் வரக் கூச்சப்பட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டானாம். விறுவிறுவென்று போய், “ஏம்பா, மெட்டியக் கழட்டச் சொல்லு ஒம் பொண்டாட்டிய. கால் புண்ணாப் போயிருக்குது” என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. “புண்ணா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. டெய்லி சாக்ஸ அவளே தொவச்சிப் போட்டுர்றா, நான் என்னாத்தக் கண்டேன்.” பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தான். “கழட்டச் சொல்ல நான் யாருண்ணா? அது அவ காலு. நான் கட்டிலுல கெடந்தப்ப அவ எப்பிடி இருந்தான்னு எனக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும்.”

அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது அடி. ஒரு பெண்ணின் காலைப் பற்றி அவளை உட்கார வைத்துவிட்டு, தெருவில் நின்று அவள் புருஷனிடம் பேரம் பேசப் போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தான். அவள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தான். உட்கார அவனுக்குக் கஷ்டம், நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். அவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா ஓட வாணாம்ப.”

“ஆமா, வாணாம்னுதான் சொல்லியிருப்பேன்.” மூக்கை உறிஞ்சினான். “இந்தா பாரு. கல்யாணத்தன்னிக்கு இதப் போட்டது யாரு?”

“நீதான்.”

“போட்டவனே கழட்டி, போட்டவனே திரும்பப் போட்டா அது கழட்டினதா கணக்கே இல்ல. ஓடறதுக்கு முன்ன நான் எடுத்துப் பையில வச்சிக்கறேன். ஓடி வந்ததும் நானே போட்டு வுட்டுர்றேன். நான் எங்கியும் போவல. ஒங்கூடவேதான நிக்கப் போறேன்? ஒனக்கு மனசு இருந்தா சரின்னு சொல்லு. இல்லன்னா வுட்டுடு, வேற வேலை பாத்துக்கலாம். ஒன்னும் குடி முழுவிப் போயிடாது.”

அவள் குனிந்து மெட்டியையே பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நல்ல தருணம் அது ஒன்றுதான் என்று என் வீட்டுக்காரி சொல்வாள்.

கடைசியில், “வலிக்காம எடு” என்றாள்.

விரல் வீங்கியிருந்ததால் சுலபத்தில் வரவில்லை. நான் கை கழுவும் சோப்பைக் கரைத்துக்கொண்டு வந்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் தோளைப் பிடித்திருந்தாள். இரண்டாவது மெட்டி வந்ததும், ஏழுமலை இரண்டு கையையும் விரித்து, “பாத்தியா, எனக்கு ஒன்னும் ஆவல. கல்லு மாதிரி ஒக்காந்துக்கினு இருக்கறேன்” என்றான். அவள் அழுதுகொண்டே சிரித்து அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

“இப்ப சொல்லுங்கண்ணா, நாளைக்கு ஓடலாமா?” என்று என்னைக் கேட்டாள்.

வாயில் பதில் தயாராக இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம், எது கேட்டாலும் பதில் வந்துவிடும். அதை அப்படியே விழுங்கிவிட்டு, “எனக்குத் தெரியாதும்மா” என்றேன். வாடிக்கையாளரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. “இது டாக்டர் பாக்க வேண்டிய புண்ணு. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. அவரு எத்தினி நாள் ஓடக் கூடாதுன்னு சொல்றாரோ, அத்தினி நாள் ஓடாத. ஷூ வேணும்னா மாத்தித் தர்றேன், மொத்தமானதே எடுத்துக்க.”

அவள் ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “வாணாம்ணா. ஆறு வாரத்துல ஒரு தடவகூடக் கால் பெசகல. மொதல்ல ஒத்தக் கால்ல நிக்கவே வராது, இப்ப நல்லா நிக்கறேன். இதே இருக்கட்டும்” என்றாள்.

டாக்டர் ஏழு நாள் ஓடக் கூடாது என்றுவிட்டார். அப்புறம் மிச்சம் ஐந்து நாள். அந்த ஏழு நாளும் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. நான் அன்றைக்குத் திரும்பி நிற்காமல் இருந்திருந்தால், ‘விரல் கிட்ட உறுத்துது’ என்று அவள் சொன்னபோதே எங்கே என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லியிருந்தால், அவளுக்கு அந்த ஏழு நாளும் கையில் இருந்திருக்கும். தசை வலிப்பது வேறு, தோலைக் கடிப்பது வேறு. புது ஷூவில் கெண்டைக்கால் வலித்தால் ஓய்வு கொடுத்து, மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரே இடத்தில் ஊசிபோல் குத்தினால் அது ஒரு நாளும் பழகாது. இதைக் கேட்டுப் பிரித்துச் சொல்லத் தெரியாதவன் எத்தனை ஷூவை மடக்கிக் காட்டி என்ன பயன்?

அதற்குப் பிறகு முதலாளியிடம் சொல்லிப் பெண்கள் பகுதிக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைக்கச் செய்தேன். அந்தப் பெண் இல்லாத நேரத்தில், “அம்மா, காலைப் பாக்கலாமா?” என்று நானே கேட்பேன். நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஒருவர்கூட முடியாது என்று சொன்னதில்லை. மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது முழுக்க என் சோம்பல். நீங்களும் கேளுங்கள். மெட்டி இருக்கிறதா, கொலுசு இருக்கிறதா, கால் ஆணி இருக்கிறதா, எதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறார்கள் என்று கேளுங்கள். ஷூ வளைகிறதா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தேர்வு நாளன்று முதலாளியிடம் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். மைதானத்து வாசலுக்கு வெளியே கூட்டம். அப்பாக்கள், புருஷன்கள், கைக்குழந்தையோடு மாமியார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. ஏழுமலை கம்பிக் கதவை ஒட்டி நின்றிருந்தான். சட்டைப் பையில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

“எத்தனாவது பேட்ச்?”

“தெரியலண்ணா. உள்ள போயி ரொம்ப நேரமாவுது.”

விசில் சத்தம் கேட்டது. காலடிகள் ஓடும் சத்தம் கேட்டது. மறுபடி விசில். சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சில பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்கள், சிலர் குதித்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப்போனது.

ஜெயந்தி நடந்து வந்தாள். முகமெல்லாம் வேர்வை, மூச்சு வாங்கியது. முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நொண்டவில்லை என்பதை மட்டும் பார்த்தேன். நேராக ஏழுமலையிடம் வந்து, சுவரோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, ஷூவையும் சாக்ஸையும் கழற்றினாள்.

“என்னா ஆச்சு? பாஸா?” என்றான் ஏழுமலை.

“மொதல்ல போடு.”

“சொல்லேன்டி.”

“போடுய்யா மொதல்ல.”

அத்தனை கூட்டத்துக்கு நடுவில், முடியாத காலை நீட்டிக்கொண்டு அவன் மண்ணில் உட்கார்ந்தான். பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். புண் ஆறிய இடத்தில் படாமல் ஒரு மெட்டியைப் போட்டான். இன்னொன்றை நழுவவிட்டு, மண்ணில் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்துப் போட்டான்.

ஜெயந்தி குனிந்து இரண்டு மெட்டியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“பாஸு.”

ஏழுமலை அவள் பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

“அழுவாதய்யா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் அவள், தானும் அழுதுகொண்டே.